நகரத்துக்குள் ஓட்ட ஒரு காம்பாக்ட் எஸ்யூவி: முதல் கார் வாங்குவோருக்குப் படிப்படியான வழிகாட்டி

போன வருடம் என் தம்பி முதல் கார் வாங்கினான். வீடு மேடவாக்கத்தில், வேலை கிண்டியில். மூன்று மாதம் ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்து ஒரு காரை முடிவு செய்து, முன்பணம் கட்டக் கிளம்பிய காலையில் அப்பா கேட்டார்: "நம்ம பார்க்கிங்ல அது நிக்குமாடா?"

டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனோம். எங்கள் இடத்துக்கு இரண்டு பக்கமும் தூண். தூணுக்குத் தூண் 235 சென்டிமீட்டர். அவன் பார்த்து வைத்திருந்த காரின் அகலம், சைடு மிரர் சேர்க்காமலே, 182. மீதி 53. இடது தூணுக்கு 10 விட்டு ஒட்டி நிறுத்தினால் ஓட்டுநர் பக்கம் 43 சென்டிமீட்டர்தான். அப்பா அந்த இடைவெளியில் போய் நின்று பார்த்தார். பக்கவாட்டில் திரும்பினால்தான் அவரால் நிற்க முடிந்தது. கதவைப் பாதி திறந்து, அதற்குள் நுழைந்து, தினமும் காலையில் உட்கார வேண்டும்.

அன்றைக்கு முன்பணம் கட்டவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் நாங்கள் செய்த வேலைகளை, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். சென்னையை வைத்துத்தான் சொல்கிறேன். கோவை, மதுரை, திருச்சியில் இருப்பவர்கள் மழை, தூரக் கணக்கை மட்டும் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

1. முதலில் உங்கள் வாரத்தை எழுதுங்கள்

ஒரு வாரம் முழுக்க வீட்டில் யார் எங்கே போனார்கள், எத்தனை பேர், எவ்வளவு தூரம், வண்டியை எங்கே நிறுத்தினார்கள் என்று குறித்து வையுங்கள். இப்போது பைக்கிலும் ஆட்டோவிலும் போவதையும் சேர்த்துத்தான்.

தம்பியின் தாளில் இருந்தது இதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை அவன் மட்டும், போக வர 25 கிலோமீட்டர், மாலையில் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல். சனிக்கிழமை அம்மாவுக்கு முழங்கால் பிஸியோதெரபி, நாலு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் மாமனார் வீடு, நாலு பேர். வருடத்துக்கு மூன்று தடவை திண்டிவனம் பக்கம் குலதெய்வம் கோயில், ஐந்து பேர்.

அவன் பார்த்த வீடியோக்கள் எல்லாம் நெடுஞ்சாலையில் கார் எப்படி இழுக்கிறது என்பதைப் பற்றியவை. தாளைப் பார்த்தால் வருடத்தில் முக்கால்வாசி நாள் அவன் தனியாக, முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் வாழ்கிறான். அவனுக்கு முக்கியம் இருக்கை, ஏசி, கியர்பாக்ஸ், நெரிசலில் மைலேஜ். அம்மாவுக்கு முக்கியம் சிரமமில்லாமல் ஏறி இறங்குவது.

இந்தத் தாளை எழுதிய பிறகு சிலருக்கு எஸ்யூவியே வேண்டாம் என்று தோன்றலாம். தோன்றினால் தாராளமாக ஹேட்ச்பேக் (உயரம் குறைந்த சின்னக் கார்) வாங்குங்கள், பணம் மிச்சம். ஆனால் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் உயரமான இருக்கை நிஜமாகவே வரம். தாழ்ந்த காரில் குனிந்து விழுந்து உட்கார்ந்து, கையூன்றி எழ வேண்டும். எஸ்யூவியில் இடுப்பு உயரத்திலேயே இருக்கை இருப்பதால் நேராக நகர்ந்து உட்காரலாம்.

2. டேப்பை எடுங்கள்

நீளத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். இந்த வகைக் கார்கள் பெரும்பாலும் 3,995 மில்லிமீட்டர் நீளத்தில் வந்து நின்றுவிடும். அகலம்தான் வேறுபடும். ஹூண்டாய் எக்ஸ்டர் 1,710 மி.மீ., டாடா பஞ்ச் 1,742, நிஸான் மேக்னைட் 1,758, மாருதி ஃப்ரான்க்ஸ் 1,765, ஸ்கோடா கைலாக் 1,783, மாருதி பிரெஸ்ஸா 1,790, டாடா நெக்ஸான் 1,804, மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 1,821. கடைசிக்கும் முதலுக்கும் 11 சென்டிமீட்டர் வித்தியாசம். சாலையில் இது தெரியாது, தூண்களுக்கு நடுவில் நன்றாகத் தெரியும்.

தூண் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். எங்கள் இடத்தில் தூண்கள் வழியிலிருந்து மூன்று மீட்டர் உள்ளே தள்ளி இருந்தன. காரை நேராக உள்ளே விட்டால் ஓட்டுநர் கதவு சரியாகத் தூணுக்கு எதிரே வந்தது. ரிவர்ஸில் விட்டால் முன்கதவு தூணைத் தாண்டி வெளியே வந்துவிட்டது, முழுதாகத் திறந்தது. கடைசியில் எங்களுக்கு வழி கிடைத்தது இப்படித்தான்: கொஞ்சம் அகலம் குறைந்த கார், கூடவே தினமும் ரிவர்ஸில் நிறுத்தும் பழக்கம்.

சரிவுப் பாதை வழியாக அடித்தளத்துக்கு இறங்கும் அடுக்குமாடி என்றால், வளைவில் ஒரே திருப்பில் இறங்க முடிகிறதா என்று பாருங்கள். லிஃப்ட் மாதிரி மேலே தூக்கி வைக்கும் இயந்திரப் பார்க்கிங் இருந்தால் அதற்கு உயரமும் எடையும் வரம்பு உண்டு. பழைய இயந்திரங்கள் செடான் கார்களை மனதில் வைத்துச் செய்தவை. அசோசியேஷனில் கேட்டு, எழுதி வாங்குங்கள்.

3. நாலு மீட்டருக்குள் ஏன் எல்லாம் அடங்குகின்றன?

2006-07 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். நாலு மீட்டருக்கு மிகாத நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இன்ஜின் என்பதுதான் சிறிய காருக்கான அளவுகோல். 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள ஜிஎஸ்டியிலும் அதே கோடுதான்: அதற்குள் வந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5 சதவீதம்.

இதனால் வாங்குபவருக்கு இரண்டு விஷயம். பிரெஸ்ஸா நீளத்தில் நாலு மீட்டருக்குள் இருந்தாலும் அதன் பெட்ரோல் இன்ஜின் 1,462 சிசி. அதனால் அது 40 சதவீதப் பக்கம் போகிறது. இரண்டாவது, நீளத்தை வெட்டும்போது எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு காரில் பின்சீட் தாராளமாக இருக்கும், டிக்கி சுருங்கும். இன்னொன்றில் நேர்மாறு. பிரெஸ்ஸாவின் டிக்கி 328 லிட்டர், நெக்ஸானில் 382, கைலாக்கில் 446. லிட்டர் கணக்கை வைத்துக் கற்பனை செய்வதைவிட, வீட்டில் இருக்கும் பெரிய சூட்கேஸ், அப்பாவின் வாக்கர், குழந்தை வண்டி எது உங்களுக்கு உண்டோ அதை ஷோரூமுக்கே எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள்.

4. என்ன எரிபொருள்?

கணக்குப் போடலாம். மாதம் 600 கிலோமீட்டர். நெரிசலில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் 50 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 5,000 ரூபாய். டீசல் 16 கொடுத்தால் 37.5 லிட்டர், 92 ரூபாய் என்று வைத்தால் 3,450. மாதம் 1,550 மிச்சம், வருடத்துக்கு 18,600. டீசல் காருக்கு ஒன்றேகால் லட்சம் கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்றால் அந்தப் பணம் திரும்பி வர ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும். உங்கள் கிலோமீட்டரையும் அன்றைய விலையையும் போட்டுப் பாருங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு விடை வேறு மாதிரி வரும்.

பணத்தை விட்டாலும் டீசலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விற்பவர் அதைத் தானாகச் சொல்வது அபூர்வம். பிஎஸ்6 (இப்போதைய புகை மாசு விதி) டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரியை வண்டியே எரித்துத் தீர்க்கும். அதற்குப் புகை நன்றாகச் சூடாக வேண்டும். அதாவது ஒரே சீரான வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர் பள்ளிக்கும் கடைக்கும் போய் நிறுத்தும் வண்டியில் இது நடக்காது. கரி அடைத்து, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும். வாரம் ஒரு தடவையாவது வெளிவட்டச் சாலையிலோ ஈசிஆரிலோ நீண்ட ஓட்டம் உறுதி என்றால் மட்டும் டீசலை நினையுங்கள்.

சிஎன்ஜி செலவு குறைவு. டிக்கியைச் சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். டாடாவும் ஹூண்டாயும் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்னச் சிலிண்டர்களைத் தரையோடு வைத்து ஓரளவு இடத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சிலிண்டர் பரிசோதனை கட்டாயம். முடிவு செய்யும் முன், உங்கள் வழியில் இருக்கும் சிஎன்ஜி பங்குக்கு மாலை ஏழு மணிக்குப் போய் ஆட்டோ வரிசையைப் பாருங்கள். அந்த வரிசையில் வாரம் இரண்டு தடவை நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி.

மின்சாரக் கார் நகரத்துக்கு மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம். நின்று நின்று போகும்போது பெட்ரோல் கார் வீணடிக்கும் இடத்தில் அது பிரேக்கிலிருந்தே கொஞ்சம் சக்தியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை. ஆனால் உங்கள் பார்க்கிங் இடத்தில் 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் இல்லாமல் புக் செய்யாதீர்கள். பொது சார்ஜரை மட்டும் நம்பி அன்றாடம் ஓட்டினால் அலுத்துப்போகும். கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் என்று வைத்தால் மாதம் 600 கிலோமீட்டருக்கு 90 யூனிட், இரண்டு மாத பில்லில் 180 கூடும். ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீடு 500-ஐத் தாண்டிவிடும், கட்டண விகிதமே மாறும். மின்சாரக் கார்களுக்கான சாலை வரி விலக்கை அரசு காலவரையறையோடு அறிவிப்பதால், நீங்கள் பதிவு செய்யும் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்குச் சாதாரண பெட்ரோலே போதும். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் இன்ஜின் நகரத்துக்குள் நிதானமாக இருக்கும், ஐந்து பேரும் ஏசியுமாக மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். 1.0 டர்போ சுறுசுறுப்பு, கால் கனமானால் மைலேஜ் சட்டென்று இறங்கும்.

5. கியர்பாக்ஸ்: இங்கே நிதானமாக முடிவெடுங்கள்

என்னைக் கேட்டால், நகரத்துக்குள் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறவர் ஆட்டோமேட்டிக்தான் வாங்க வேண்டும். ஒரு மாலையில் பள்ளிக்கரணைக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில், தம்பியின் நண்பர் காரில், அவர் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறார் என்று எண்ணினேன். பத்து நிமிடத்தில் நூறைத் தாண்டியது. இடது முழங்கால் இருபது வருடம் கழித்துக் கணக்கு கேட்கும்.

ஆனால் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நாலு வேறு பொருள்களை விற்கிறார்கள்.

ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் காலுக்கும் கைக்கும் பதில் ஒரு சின்ன இயந்திரம் கிளட்சை மிதித்துக் கியரை மாற்றுகிறது. விலை குறைவு, மைலேஜ் நன்றாக இருக்கும். பஞ்ச், எக்ஸ்டர், ஃப்ரான்க்ஸ் 1.2 ஆகியவற்றில் இருப்பது இதுதான். கியர் மாறும் நொடியில் வண்டி ஒரு தடவை தலையாட்டும். மேம்பால ஏற்றத்தில் நெரிசல் நிற்கும்போதுதான் இதன் சோதனை. ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி அதே இடத்தில் வண்டியை நிறுத்தி வைத்தால் உள்ளே கிளட்ச் தேய்ந்துகொண்டே இருக்கும், சூடேறும். பிரேக்கை மிதித்துத்தான் நிற்க வேண்டும், முன்னால் ஒரு கார் நீளம் இடம் வந்த பிறகு நகர வேண்டும். இந்தப் பழக்கம் வரும் என்றால் ஏஎம்டி நல்ல தேர்வு. ஹில் ஹோல்டு (ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி) இருக்கும் வேரியன்டாக, அதாவது அதே காரின் அந்த ரகமாக, எடுங்கள்.

சிவிடியில் கியர் படிகளே கிடையாது, பெல்ட் வழுவழுவென்று நகரும். மேக்னைட் டர்போவில் உண்டு. நெரிசலில் சுகம். வேகமாக மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும்.

டார்க் கன்வர்ட்டர் பழைய, உழைத்துக் காட்டிய முறை. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய் வழியாகச் சக்தி போவதால் ஊர்ந்து போவது இதற்குச் சிரமமே இல்லை. பிரெஸ்ஸா, கைலாக், 3எக்ஸ்ஓ, ஃப்ரான்க்ஸ் டர்போவில் 6 கியரோடு வருகிறது. மைலேஜ் கொஞ்சம் குறையும். நெரிசலே வாழ்க்கை என்றால் என் முதல் பரிந்துரை இது.

டிசிடி இரட்டைக் கிளட்ச். நெடுஞ்சாலையில் கியர் மாறுவதே தெரியாது, அவ்வளவு வேகம். கிளட்ச் எண்ணெயில் மூழ்காத உலர் வகை என்றால் மே மாத நெரிசலில் ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும்போது சூடாகும். வாங்குவதானால் உலர் வகையா, எண்ணெய் வகையா என்று கேளுங்கள்.

6. மழையை மறக்காதீர்கள்

எஸ்யூவி என்றால் வெள்ளத்தில் போகலாம் என்று நம்பி இன்ஜினை இழந்தவர்கள் ஏராளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சமயம் எங்கள் தெருவிலேயே நடந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, பக்கத்து வீட்டுக்காரர் வண்டி ஓடுகிறதா பார்க்கலாம் என்று பட்டனை அழுத்தினார். 'டக்' என்று ஒரே சத்தம். சிலிண்டருக்குள் புகுந்திருந்த தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்த்து, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. அவருடைய பாலிசியில் இன்ஜின் பாதுகாப்பு இல்லை. இழப்பீடு மறுக்கப்பட்டது.

தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி 19, 20 சென்டிமீட்டர் என்பது வேகத்தடைக்கும் பள்ளத்துக்கும் உதவும். வெள்ளத்தில் முக்கியம், இன்ஜின் காற்றை உறிஞ்சும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. பேனட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பம்பரின் கீழ்விளிம்பைத் தண்ணீர் தொட்டுவிட்டால் அதற்கு மேல் போக வேண்டாம் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எதிரே பஸ் வந்தால் ஒரே அலை போதும், தண்ணீர் பேனட்டுக்கு வந்துவிடும். தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டோ வண்டியை அழையுங்கள்.

வேளச்சேரி ஆட்கள் கனமழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். 2015 வெள்ளத்தில் பட்டவர்கள் அவர்கள். உங்கள் பகுதி பள்ளம் என்றால், கார் வரும் முன்பே மேட்டில் எங்கே நிறுத்துவது என்று ஓர் இடம் பார்த்து வையுங்கள்.

7. எந்த வேரியன்ட்?

கீழிருந்து இரண்டாவது, மூன்றாவது வேரியன்டில்தான் பணத்துக்கு மதிப்பு அதிகம். பேரம் பேசக்கூடாதவை: ஆறு ஏர்பேக், ஈஎஸ்சி என்ற சறுக்கல் தடுப்பு, பின்சீட்டில் மூன்று பேருக்கும் மும்முனை சீட் பெல்ட், ரிவர்ஸ் கேமரா, பின் வைப்பர், பின் கண்ணாடியில் படியும் மூட்டத்தை நீக்கும் டீஃபாகர், பின்சீட்டுக்கு ஏசி வென்ட். வடகிழக்குப் பருவமழையில் பின் வைப்பர் இல்லாத எஸ்யூவியில் கண்ணாடி வழியே எதுவும் தெரியாது. செங்குத்தான பின்பக்கம் சேற்றை இழுத்து அப்பிக்கொள்ளும்.

மோதல் சோதனைக்கு 2023 அக்டோபர் முதல் நமக்கே பாரத் என்கேப் இருக்கிறது. நெக்ஸான், 3எக்ஸ்ஓ, கைலாக் அதில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. நட்சத்திரத்தோடு நிற்காமல், பெரியவர்களுக்கான மதிப்பெண், குழந்தைகளுக்கான மதிப்பெண் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சன்ரூஃப் சென்னை வெயிலுக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. வருடத்தில் பத்து நாள் திறப்பீர்கள். மரத்தடியில் நிறுத்தினால் வடிகால் துளையை இலைத்தூள் அடைத்து, மழையில் உள்ளே சொட்டும். அதே பணத்துக்குக் காற்று வரும் சீட் கிடைத்தால் முதுகு நன்றி சொல்லும். 360 டிகிரி கேமரா, தூண் பார்க்கிங் உள்ளவர்களுக்கு உபயோகம். கறுப்பு ஃபிலிம் ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது.

டயரில் 16 இன்ச் சக்கரமே நம் சாலைக்கு நல்லது. சக்கரம் பெரிதாகும்போது ரப்பர் சுவர் மெலியும். மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அலாய் வளையும், டயர் புடைக்கும். மாற்றும் விலையும் கூட.

8. டெஸ்ட் டிரைவை உங்கள் வழியில் ஓட்டுங்கள்

ஷோரூம்காரர்கள் காலியான சர்வீஸ் ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டவிட்டுத் திரும்பச் சொல்வார்கள். அது போதாது. வீட்டுக்கு வண்டியை எடுத்து வரச் சொல்லுங்கள், பலர் சம்மதிப்பார்கள்.

நாங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டோம். முதல் காரில் அம்மா ஏறியதைப் பார்த்ததும் அது வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. கதவடியில் உள்ள மேடு உயரமாகவும் அகலமாகவும் இருந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்து, வலிக்கிற காலை அந்த மேட்டைத் தாண்டி வைக்க வேண்டியிருந்தது. கைப்பிடியைத் தேடி அவர் கை கூரையில் தடவியது. இரண்டாவது காரில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்துவிட்டார். "இது பரவால்லடா" என்றார். எந்த விமர்சன வீடியோவிலும் இது வராது.

இவற்றையும் செய்து பாருங்கள். வெயிலில் அரை மணி நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி ஏசி போட்டு, பின்சீட்டில் எத்தனை நிமிடத்தில் குளிர்கிறது என்று பாருங்கள். நாலு பெரியவர்கள் உட்கார்ந்து உங்கள் தெருவின் மோசமான வேகத்தடையில் ஏற்றுங்கள். காலி வண்டிக்குச் சொல்லும் இடைவெளி ஆள் ஏறினால் குறைந்துவிடும். இடதுபக்கம் திரும்பும்போது முன்கண்ணாடியின் ஓரத் தூண் ஒரு ஸ்கூட்டரையே மறைக்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் பார்க்கிங்கில் நீங்களே ரிவர்ஸில் விடுங்கள். முடிந்தால் இருட்டிய பிறகும் ஒரு சுற்று, ஹெட்லைட்டுக்காக.

9. ஆன்ரோடு விலையை வரிவரியாகப் படியுங்கள்

ஆன்ரோடு என்றால் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து நீங்கள் கட்டும் மொத்த விலை. விலைத்தாளை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்ச ரூபாய் காருக்கு வரி 1,28,700. 10.10 லட்ச ரூபாய் காருக்கு 1,81,800. இருபதாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு 53,100 ரூபாய் வரி கூடுகிறது. ஒரு வேரியன்ட் மேலே போவதால் அந்தக் கோட்டைத் தாண்டுகிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம்.

இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும், சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடம் போதும். வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டு, அதே ஐடிவி (காப்பீட்டில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே சேர்க்கைகளோடு ஒப்பிடுங்கள். ஜீரோ டிப்ரிசியேஷனும் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தருவது) இன்ஜின் பாதுகாப்பும் சென்னையில் அவசியம். மற்றவை உங்கள் இஷ்டம். கையாளும் கட்டணம் என்று தனியாக ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மேட், சீட் கவர், அடிப்பக்கப் பூச்சு எல்லாம் ஒரே பொட்டலமாகத் திணித்தால் வேண்டியதை மட்டும் வையுங்கள். வங்கிக் கடன் வட்டியையும் டீலர் சொல்வதோடு விடாமல் உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கேளுங்கள்.

முன்பணத்தைத் திரும்பப் பெறும் நிபந்தனை, டெலிவரி தேதி இரண்டும் ரசீதில் எழுதியிருக்க வேண்டும்.

10. பதிவுக்கு முன் வண்டியைப் பாருங்கள்

உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால் வண்டி உங்களுடையது, குறையும் உங்களுடையது. அதனால் பதிவுக்கு முன்பே டீலர் புது வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரித்த மாதமும் வருடமும் கேளுங்கள். ஜனவரியில் வாங்கும்போது போன வருட வண்டியைத் தருவது உண்டு. தள்ளுபடி கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம், விற்கும்போது ஒரு வருடம் பழையதாகவே கணக்காகும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் பாருங்கள். பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சம் பெயின்ட்டில் அலையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள், மறுபூச்சு அங்கேதான் காட்டிக்கொடுக்கும். எல்லா ஜன்னல், விளக்கு, ஏசி, ரிவர்ஸ் கேமரா, இரண்டாவது சாவி.

டெலிவரி நாளில் பெரும்பாலும் சாயங்கால முகூர்த்தம் பார்த்து, இருட்டில் புது வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் கீறலைத் தூணில் வாங்குகிறார்கள். காலை நேரம் கேளுங்கள். எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலுக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்கு வாருங்கள். தம்பி முதல் நாள் பார்க்கிங்கில் வண்டியை விட்டபோது அப்பா வலது தூணருகே கையை நீட்டி நின்றுகொண்டார். பத்து தடவை உள்ளே விட்டு வெளியே எடுக்கச் சொன்னார். ஆறாவது தடவை தம்பி, பின்டயர் எங்கே வரும்போது ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். அப்புறம் அதை மஞ்சள் பெயின்ட்டில் அடித்துவிட்டோம்.